கட்டம் கட்டமாக வந்த செய்தி

எங்கள் ஊர் லபேயின் சந்தையில், ஹஸ்ஸத்துவின் நகல் கடைக்குப் பட்டச் சான்றிதழை நகலெடுக்க நான் போன அன்றுதான் தலந்தா பால்டேயை முதலில் பார்த்தது. எங்கள் வம்சத்துக்கே முதல் பட்டம் அது. அதைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைக் கடையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கணினி முன்னால் ஒரு பெண் பழைய போன் ஒன்றைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பக்கத்தில் தரையில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான். எல்லாம் அப்போதே முடிந்துபோயிருந்தது.

தலந்தா பேருந்து நிலையத்தில் வேகவைத்த சோளக் குருணையும் தயிரும் விற்பவள். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆபீஸ் மொழியான பிரெஞ்சில் தன் பெயரை எழுதத் தெரியாது. ஆனால் எங்கள் புலார் மொழிக்கென்றே உண்டான அட்லாம் எழுத்தைச் சாயங்கால வகுப்பில் கற்றுக்கொண்டாள். தம்பி அல்செய்னியையும் விடவில்லை, இழுத்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"இந்த எழுத்த எந்த ஆபீஸ்ல கேக்கப் போறான் அக்கா?" என்று அவன் சிரிப்பான்.

பிழைப்புத் தேடிக் கிளம்பியவன் துனிசியா வரை போய்விட்டான். கடல் தாண்டக் காத்திருந்தவர்களைப் படகு ஏற்றும் ஏஜென்டுகள் ஒரு வீட்டில் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கிருந்து குரலாகத்தான் அனுப்புவான்: "சாப்பிட்டேன் அக்கா, கவலப்படாத." பிறகு ஒரு நாள், துனிசியாவின் வேறு ஏதோ எண்ணிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. திரை நிறையக் கட்டங்கள், வேறொன்றுமில்லை. தன் பழைய போனில் அட்லாம் எழுத்து கிடையாது, அதனால்தான் கட்டமாகத் தெரிகிறது என்பது தலந்தாவுக்குப் புரிந்தது. வாய்விட்டுப் பேச முடியாத இடத்திலிருந்து, யாருடைய போனிலோ, மற்றவர்களுக்குப் புரியாத எழுத்தில் தம்பி எழுதியிருக்கிறான். அந்த எண்ணுக்கு அடித்தாள். அணைந்திருந்தது. பிறகும் அணைந்தே இருந்தது.

அதே வகுப்பில் படித்தவன் மோட்டார் சைக்கிள் ஓட்டும் சாலியு டியாலோ. டியாலோ வீட்டானும் பால்டே வீட்டாளும் எதிர்ப்பட்டால் வம்பிழுத்தாக வேண்டும். அதுதான் எங்கள் முறை.

"பால்டே பொண்ணு தயிர்ல பாதி தண்ணி. இது குடிக்கவா, கைகழுவவா?"

"டியாலோ வயித்துக்கு இதுவே ஜாஸ்தி. உங்க தாத்தா எங்க மாட்டுக்குப் பின்னாடி ஓடினவர்தான!"

வழி சொன்னதும் அவன்தான். "போனை ரூட் பண்ணணும். முழுச் சாவியும் நம்ம கைக்கு வந்தாத்தான் உள்ள எழுத்த ஏத்த முடியும்."

"கெட்டுப் போயிடாதா?"

"மொதல்ல என் போன்ல பண்ணிப் பாக்குறேன். செத்தா என்னுது சாகட்டும்."

அவனுடையதும் அதே வகைப் போன், அந்த வாரம்தான் பழசாக வாங்கியது. அதைச் சொல்லிக்கொடுக்கும் காணொளியைப் பத்துத் தடவை போட்டுப் பார்த்து, சார்ஜை முழுக்க ஏற்றி, அந்த வகைக்கு உரிய கோப்பைத் தேடிப் பிடித்து, நிதானமாகத்தான் செய்தான். போன் புதுசு போல விழித்துக்கொண்டது. அட்லாம் எழுத்து அச்சடித்தாற்போல நின்றது. அழிவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.

தலந்தா கேட்டாள்: "அப்போ அந்தச் செய்திய உன் போனுக்கு அனுப்பட்டா?"

"அட மண்டு, கட்டத்த அனுப்பினா கட்டம்தான வரும்!"

இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள் ஹஸ்ஸத்துவின் கடைக் கணினியில் தலந்தாவின் போனைச் செருகினார்கள். "ஒயரத் தொடாத, மூச்சுகூட விடாத" என்றான் சாலியு. நடுவில் திரை ஆங்கிலத்தில் என்னவோ எச்சரித்தது. அவர்களுக்குத் தெரிந்த எழுத்து போனுக்குத் தெரியாது. போனுக்குத் தெரிந்த எழுத்து அவர்களுக்குத் தெரியாது. காணொளிக்காரன் எந்தப் பொத்தானை அழுத்தினானோ அதையே சாலியுவும் அழுத்தினான்.

போன் புதுசு போல வணக்கம் சொன்னது. தலந்தா மிரண்டாள்.

"பயப்படாத, என்னுதும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

எழுத்தை ஏற்றிவிட்டுத் தன் போனிலிருந்து ஒரு செய்தி அனுப்பினான்: 'பால்டே பொண்ணே, தயிர் கொண்டா.' ஓர் எழுத்து தப்பாமல் வந்து நின்றது. தலந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே தம்பியின் செய்தியைத் தேடி விரலைக் கீழே தள்ளினாள். கீழே ஒன்றுமில்லை. மறுபடி தள்ளினாள்.

"எங்க சாலியு?"

ஹஸ்ஸத்து வந்து பார்த்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சாலியுவிடம் திரும்பினாள். "போனத் திறந்தா உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும்னுதான் அந்த இங்கிலீஷ் எச்சரிக்கையில போட்டிருந்திருக்கும். ஏன், உன் போன்லதான் எழுத்து ஏறியிருந்துச்சே? அந்தச் செய்திய உனக்கே தள்ளிவிட்டிருக்கலாமே. கட்டம்ங்கறது இவ கண்ணுக்குத் தெரியறதுதான். போறப்போ எழுத்தாத்தான் போகும்."

சாலியு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

தலந்தா அவனைத் திட்டவில்லை. "நான் கேட்டேன்ல" என்று மட்டும் சொன்னாள். அந்தத் துனிசியா எண்ணும் அதோடு போயிற்று. அதை அவள் வேறெங்கும் குறித்து வைத்திருக்கவில்லை.

சாலியு இன்றும் காலையில் தயிர் குடிக்க வருகிறான். வம்பு மட்டும் இழுப்பதில்லை. ஒருமுறை அவளே ஆரம்பித்துப் பார்த்தாள்: "என்னடா டியாலோ, இன்னைக்குத் தண்ணி கம்மியா?"

"நல்லாருக்கு அக்கா" என்றான். அவளை அவன் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

தலந்தா லபே பேருந்து நிலையத்தில் அதே இடத்தில் தயிர் விற்கிறாள். அதே போன், அதே சிம். அல்செய்னியிடமிருந்து இதுவரை எதுவும் வரவில்லை.