காற்று என்று நினைத்த பாட்டு

போன வருடம் அக்டோபர், இரண்டாம் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. கண்ணமங்கலத்திலிருந்து ஜமுனாமரத்தூருக்குக் காரில் தனியாக மலையேறிக்கொண்டிருந்தேன். நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம் உண்டு. ஆபத்தே அதனால்தான் வந்தது.

எந்த இசைப்பதிவை எங்கே, எப்போது கேட்டேன் என்று நோட்டில் குறித்து வைப்பது என் பல வருடப் பழக்கம். அன்று ஓடியது நம் காலத்தில் எழுதப்பட்ட ஒரு தேவாலயச் சேர்ந்திசை. வாத்தியமே கிடையாது. குரல்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக மெல்ல ஏறிக்கொண்டே போகும். முதல் பகுதி முடிந்த நேரத்தைக் குறிக்க, ஒரு வளைவில் ஓரங்கட்டினேன். மழையில் ஊறியிருந்த மண் சரிந்தது. கார் பக்கவாட்டில் இறங்கி ஒரு மரத்தில் முட்டி நின்றது.

இடது கால் பெடலுக்கடியில் மாட்டிக்கொண்டது. ஹார்ன் செத்துவிட்டது. போனில் டவர் இல்லை. கொஞ்சம் அசைந்தாலும் மரம் முறிகிற சத்தம்; கீழே பள்ளம். கத்திப் பார்த்தேன், மழை இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாட்டு மட்டும் நிற்காமல் ஓடியது. கண்ணாடியை இறக்கி, சத்தத்தை முழுதாகக் கூட்டினேன். அரை மணி நேரம் யாரும் வரவில்லை.

பிறகுதான் பென்டிரைவில் அடுத்த ஃபோல்டருக்கு மாற்றத் தோன்றியது. அர்ஜென்டினாவின் டாங்கோ. ஆடுவதற்கல்ல, அரங்கில் உட்கார்ந்து கேட்பதற்காக எழுதியது. வயலினும் பியானோவும் துருத்தி வாத்தியமும் வெட்டி வெட்டி அடிக்கும். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் மேலே இரண்டு தலைகள் தெரிந்தன.

மழைக்கு ஒதுங்கியிருந்த கணவன் மனைவி. "ஆடாதீங்கண்ணா, அப்படியே குந்துங்க!" என்று அந்த அம்மா கத்தினார். தங்கள் சாமை மூட்டையின் கயிற்றை அவிழ்த்து, காரைப் பாறையோடு இழுத்துக் கட்டினார்கள். கணவர் கதவை நெம்பித் திறந்து, ஷூவைக் கழற்றி என் காலை வெளியே எடுத்தார்.

"காத்துன்னு நெனச்சிக்கினு குந்தினு இருந்தோம்" என்று மேலே வந்ததும் சங்கடப்பட்டார்.

"நான் அப்பவே சொன்னேன், யாரோ அழுவுறாங்கன்னு. 'உனுக்கு எப்பவும் யாராவது அழுதுனேதான் இருப்பாங்க'ன்னாரு. அப்பறம் சண்டைக்குக் கூப்புடுற மாதிரி ஒண்ணு வந்துச்சு பாருங்க, அதுக்குத்தான் எழுந்தாரு இவுரு!" என்றார் அந்த அம்மா.

அந்த நிலையிலும் சிரித்துவிட்டேன். வழியில் வந்த ஜீப்பை நிறுத்தி, ஆஸ்பத்திரி வரை கூடவே வந்தார்கள்.

"மொதல்ல வந்துச்சே, அதுல இன்னாண்ணா சொல்றாங்க?" என்று ஜீப்பில் அந்த அம்மா கேட்டார்.

"ஆண்டவரே, இரக்கம் வையும்னு கேக்கறாங்கம்மா."

அவர் கணவரை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

அந்தப் பதிவைப் பற்றி என் நோட்டில் ஆறு பக்கம் இருக்கிறது: எத்தனை பாடகர்கள், எந்த வருடம், எந்த ஊர்த் தேவாலயத்தில் பதிவானது என்றெல்லாம். அதில் யாரோ அழுகிறார்கள் என்று ஒரு வரிகூட நான் எழுதியிருக்கவில்லை. இப்போதும் அந்த மலைக்குப் போகிறேன். வெறும் காற்றுதான் என்று தோன்றினாலும், கெட்டித் தரையாகப் பார்த்து வண்டியை நிறுத்தி, இறங்கி நின்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் மேலே ஏறுகிறேன்.