புளி தேய்த்த வாள்

ஒருவர் சொன்னதை நான் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன். அதனால் அவருடைய பிழைப்பு போயிற்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

துபாயில் ஓர் அரபுச் செல்வந்தரிடம் பல வருடங்கள் செயலாளராக இருந்தேன். அர்பாப் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவோம். ஜப்பானிய வாள்களைச் சேர்ப்பதில் அவருக்குப் பித்து. அதற்கென்றே ஓர் அறை, சாவி என்னிடம். பழைய எண்ணெயை மெல்லிய தாளால் துடைத்து, கிராம்பு மணக்கும் புது எண்ணெயைப் பூசுவேன். அலகில் விரல் படக்கூடாது, வாளைப் பிடித்துக்கொண்டு பேசக்கூடாது, எச்சில் தெறித்தால் கறை. எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன். கைப்பிடியை மட்டும் கழற்றியதில்லை.

ஜப்பானிலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வருவதாக இருந்தது. கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதியைத்தான் அவர் முதலில் பார்ப்பார் என்று அர்பாப் சொன்னார். அவர் வருவதற்கு முதல் நாள் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து மிகப் பழைய வாளின் கைப்பிடியைக் கழற்றினேன். உள்ளே கருந்துரு. எனக்கு வெட்கமாகிவிட்டது. விருந்தாளி வருமுன் பித்தளையைத் தேய்த்து வைக்கிற வீட்டில் வளர்ந்தவன். சமையலறைக்குப் போய்ப் புளி கேட்டேன்.

சமையல்காரர் சிவகங்கைப் பக்கம். "என்ன சார், நீங்களே ரசம் வைக்கப் போறீங்களா? அப்புறம் இந்த வீட்டுல எவன் சாப்பிடுவான்?" என்று சிரித்துக்கொண்டே ஓர் உருண்டை கொடுத்தார்.

வெகுநேரம் தேய்த்தேன். இரும்பு பளபளத்தது. செய்தவர் வெட்டிய பெயரெழுத்துகள் மங்கியதைக்கூட அழுக்கு போகிறது என்றே நினைத்தேன்.

மதிப்பீட்டாளர் பார்த்துவிட்டு வாளை மெதுவாகத் துணிமேல் வைத்தார். அந்தத் துருதான் வாளின் வயதுக்குச் சாட்சி, அதை யாரும் தொடுவதே இல்லை, இனி இது யார் செய்தது, எந்தக் காலத்தது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆணித் துளையில் ஒரு நார் சிக்கியிருந்தது. அர்பாப் அதை முகர்ந்தார், புளி வாசனை. அந்த வீட்டில் புளி வைத்திருந்தவர் ஒருவர்தான். உடனே வரவழைத்தார்.

சமையல்காரருக்கு அரபியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. பயத்தில் அரைகுறை இந்தியும் வரவில்லை. "சார்தான் புளி கேட்டாங்க, குடுத்தேன். எனக்கு அந்த ரூம் எந்தப் பக்கம்னே தெரியாது. சொல்லுங்க சார்."

"தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்கிறார்" என்றேன் ஆங்கிலத்தில். தூசி துடைக்க நான்தான் அவரை உள்ளே விட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அர்பாப் "கலாஸ்", முடிந்தது, என்று எழுந்து போய்விட்டார். வெளியே வந்ததும் சமையல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா வெவரமாச் சொன்னீங்களா சார்?"

"சொன்னேன்" என்றேன்.

அந்த வாரமே அவருடைய விசா கேன்சல் ஆனது, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் வாய் திறக்க நான்கு வருடங்கள் ஆயின. அர்பாபிடம் நடந்ததைச் சொல்லி, சமையல்காரரைத் திரும்பக் கூப்பிடும்படி கெஞ்சினேன். அர்பாப் என் தோளைத் தட்டினார். "ஊர்க்காரனுக்காகப் பழியைச் சுமக்கிறாய். நல்ல மனிதன் நீ. ஆனால் அவன் ஒப்புக்கொண்டதை நீதானே எனக்குச் சொன்னாய்?" எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அந்த வருடம் எனக்குச் சம்பளத்தை உயர்த்தினார்.

பிறகு சமையல்காரருடைய எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏர்போர்ட்டுக்குப் போற வழியிலயே எனக்குப் புரிஞ்சிருச்சு சார். அர்பாப்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். நம்பலை."

"என்னைத்தான் நம்பலைன்னா, உங்களையுமா?" என்று சிரித்தார். "விடுங்க. அறுபது ஆகப்போகுது, இனிமே எவன் எனக்கு விசா தர்றான்? எம் பொண்டாட்டி மட்டும் இன்னமும் கேக்குறா, அங்க என்னத்தக் களவாண்டேன்னு."

அவர் மனைவியிடம் நானே பேசுகிறேன் என்றேன். வேண்டாம் என்று போனை வைத்துவிட்டார்.

இப்போது அஜ்மானில் மகனோடு இருக்கிறேன். அதற்குப் பின் இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் அவருடைய மகள்தான் எடுத்து, அப்பா கல்யாணச் சமையலுக்குப் போயிருக்கிறார் என்றாள். இரண்டாவது முறை அவளுக்குப் பின்னால், போனை வைக்கச் சொல்லும் அவர் குரல் கேட்டது.