வேலி தாண்டிய பிளாஸ்டிக் மீன்

ஐம்பத்து மூன்று வயதில், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, குளியலறை வாளியில் ஒரு பிளாஸ்டிக் மீனை நீந்தவிட்டு ரசித்தவன் நான். யாரும் இல்லை என்று நினைத்தது தப்பு. மனைவி எட்டிப் பார்த்தாள், கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அதற்குக் கிராங்க்பெய்ட் என்று பெயர். விரல் நீளம், மஞ்சள் வயிறு, வாயில் கரண்டி மாதிரி ஒரு தகடு, வயிற்றில் இரண்டு முக்கவர்க் கொக்கிகள், உள்ளே கிலுகிலுக்கும் இரும்புக் குண்டுகள். தூண்டிலில் கட்டி எறிந்து ரீலைச் சுற்றினால், தலையை ஆட்டிக்கொண்டே ஆழத்துக்கு இறங்கும். வெளிநாட்டில் பாஸ் என்கிற மீனுக்காகச் செய்தது. கோடையில் பெரிய மீன்கள் சூடு தாங்காமல் அடியில் போய்க் கிடக்கும், அங்கே போய் அவற்றை உசுப்ப வேண்டும் என்று வீடியோவில் ஒருவர் சொன்னார். நம் பக்கம் பாஸ் கிடையாது, விரால் உண்டு. இரண்டும் பங்காளிகளாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பழைய கல்கிடங்கு, கல் வெட்டியெடுத்த பள்ளம். மே மாதத்திலும் அதில் தண்ணீர் நிற்கும். கரைக்குப் பின்னால் முள்வேலி, வேலிக்கு அப்பால் ஒரு பட்டாசுக் கம்பெனி. அவர்களுக்கு லேபிள் அடித்துக் கொடுப்பது என் அச்சகம். வாசலில் இருக்கிற எச்சரிக்கைப் பலகையின் வாசகமும் என்னுடையதுதான். ‘இரும்புப் பொருள் எதையும் உள்ளே கொண்டு வராதீர்.’ அந்த ‘எதையும்’ அவசியமா என்று கேட்ட முதலாளியிடம் அரை மணி நேரம் வாதாடியிருக்கிறேன்.

காலை பத்து மணி. கை முழுக்க வியர்வை. தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வீச்சாக எறிந்தபோது கட்டைவிரல் முன்கூட்டியே வழுக்கிவிட்டது. தண்ணீரில் ‘களக்’ என்ற சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. தண்ணீரில் ஒரு வளையம்கூட இல்லை. பிறகுதான் பார்த்தேன், தூண்டில் நரம்பு என் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் போயிருந்தது. கருவேலத்தில் சிக்கியிருக்கும் என்று நினைத்து ரீலை ஒரு சுற்றுச் சுற்றினேன்.

“சுத்தாதீக! அசையாதீக!”

திரும்பினேன். வேலிக்கு அப்பால் ஃபோர்மேன். அவருக்குப் பின்னால் சிமெண்டு மேடை. அதில் சாக்கு விரித்து, பேன்சி வெடிக்கான மருந்து உருண்டைகளைக் காயப் போட்டிருந்தார்கள். என் மஞ்சள் மீன் சாக்கின் ஓரத்தைக் கவ்விக்கொண்டு கிடந்தது. நான் சுற்றிய அந்த ஒரு சுற்றில் சாக்கின் முனை சுருண்டு, இரண்டு உருண்டைகள் மேடையில் உருண்டிருந்தன. கொக்கி சிமெண்டில் உரசி ஒரு பொறி தட்டினால் போதும். பத்தடி தள்ளி மருந்து அடைக்கிற அறை, அதற்குள் ஆறு பெண்கள்.

“எல்லாரும் வெளிய போங்க! மேற்கால போங்க, ஓடாம போங்க!” என்றார் ஃபோர்மேன். பிறகு என்னிடம், “அண்ணாச்சி, இழுக்கவும் கூடாது, விடவும் கூடாது. விட்டா நரம்பு காத்துல மருந்து மேல புரளும். அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க.”

நின்றேன். வாசகம் எழுதத் தெரிந்த கை, ஒரு கம்பை அசையாமல் பிடிக்க முடியாமல் நடுங்கியது. அந்த நடுக்கம் நரம்பு வழியாகப் போய் சாக்கின் முனையைத் துடிக்க வைத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். மூச்சை அடக்கினேன். அப்போதும் துடித்தது.

வெளியேறியவர்களில் ஓர் அம்மா மட்டும் திரும்பி வந்தார். என் வயது இருக்கும். வளையலைக் கழற்றி ஃபோர்மேனிடம் கொடுத்தார். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் இறங்க, அறை வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். வெறுங்காலோடு மேடையருகே போய்க் குந்தினார்.

“கத்திரி?” என்றேன் நான், உதவுகிற நினைப்பில்.

“அதுவும் இரும்புதான, அண்ணாச்சி,” என்றார் ஃபோர்மேன்.

அந்த அம்மா ஒரு கையால் மீனைச் சாக்கோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு, குனிந்து நரம்பைப் பல்லால் கடித்தார். ஒரு கடி. இன்னொரு கடி. என் கம்பு திடீரென்று லேசானது. பிறகு கொக்கியின் முனைகளை ஒவ்வொன்றாகச் சணல் இழையிலிருந்து விடுவித்தார். தலைப் பின்னலில் சிக்கு எடுக்கிற பொறுமை. மீனை முந்தானையில் பொதிந்துகொண்டு, ஓடாமல், நடந்தே வெளியே வந்தார். அதற்குப் பிறகுதான் நான் கரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது கொஞ்சம் கௌரவமான சொல்.

வாசலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். என் பலகைக்கு நேர் கீழே நின்றுதான் கேட்க வேண்டியிருந்தது. ஃபோர்மேன் பலகையை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், உருண்டைகளை எண்ணப் போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த அம்மா முந்தானையை அவிழ்த்து மீனை என்னிடம் நீட்டினார். நீட்டியவர் கையை இழுத்துக்கொண்டு, அதன் மஞ்சள் வயிற்றைத் திருப்பிப் பார்த்தார், காதருகே வைத்து ஆட்டிக் குண்டுகளின் சத்தத்தைக் கேட்டார்.

“நெசமாத்தான் கேக்கேன் அண்ணாச்சி,” என்றார். “இத மீனு திங்கும்னு ஒங்ககிட்ட யாரு சொன்னாக?”