கொலுசு கறுத்தது யாரால்?

கல்யாணமாகி மீமிசலுக்கு வந்த இரண்டாம் மாதமே என் வெள்ளிக் கொலுசு கறுத்துவிட்டது. இலுப்பூரில் அம்மா வீட்டில் வருஷக்கணக்கில் பளபளவென்று கிடந்த அதே கொலுசுதான். இங்கே தேய்த்துத் தேய்த்து வெளுத்தாலும் சில நாளில் கரி நிறத்துக்குப் போய்விடும். முதலில் கவனித்தவர் என் மாமியார். "ஒனக்கு உடம்புச் சூடு ஜாஸ்தி. கொலுசே காட்டிக் குடுக்குது பாரு" என்றார்.

எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். ஒரு வருஷம் ஓடியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்றானதும் சிரிப்பு போய்விட்டது. வாசலுக்கு வரும் பெண்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்த்தார்கள். சூட்டு உடம்பில் கரு தங்காது என்று என் காதுபடவே பேசினார்கள். தலைக்கு விளக்கெண்ணெய், வெறும் வயிற்றில் வெந்தயம், கோழி கூடாது, மாம்பழம் கூடாது. இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை, பொறுமையாக இருங்கள் என்று டாக்டர் சொன்னதை யார் கேட்டார்கள்? கொலுசுக்கு இருந்த மரியாதை ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு இல்லை. கேவலம் என்னவென்றால், நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். படித்தது கெமிஸ்ட்ரி. கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும் என்று டியூஷன் பிள்ளைகளுக்குத் தொண்டை கிழியச் சொன்னவள் நான். என் கால் என்று வந்தபோது மூளை ஓடவில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி குனிந்து, அன்று காலைதான் தேய்த்து வெளுத்திருந்த கொலுசைத் தொட்டுப் பார்த்து, இந்த வெளுப்பு இன்னும் எத்தனை நாளைக்கோ என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அங்கேயே கழற்றினேன். பின்பக்கச் சன்னலோர ஆணியில் மாட்டிவிட்டு, இனி இதைத் தொட்டால் என்னை ஏனென்று கேளுங்கள் என்று மாமியாரிடம் கத்திவிட்டுப் போனேன். அந்தச் சன்னலுக்கு வெளியேதான் அவர் கருவாடு காயப்போடுவார்.

சில வாரம் கழித்து ஒட்டடை அடிக்கும்போதுதான் அதைப் பார்த்தேன். யார் காலிலும் ஏறாத கொலுசு, ஆணியில் தொங்கியபடியே அட்டக்கரியாகக் கறுத்திருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமியாரைக் கூப்பிட்டேன்.

"ஆணிக்கும் உடம்புச் சூடா அத்தை?"

சண்டைக்கு வருவார் என்றுதான் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றேன். அவரோ கொலுசைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படியானால் எதனால் என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். மீன் காயும் வாடையில் கந்தகம் இருக்கிறது; கடலோர ஈரக்காற்று அதற்கு ஒத்தாசை. சுத்தத் தங்கம் இதையெல்லாம் சட்டை செய்யாது. வெள்ளியும், நகைத் தங்கத்தில் கலந்த செம்பும்தான் மாட்டிக்கொள்ளும். கழற்றியதும் நன்றாகத் துடைத்து, காற்றுப் புகாத கவரில் ஈரத்தை இழுக்க ஒரு சாக்பீஸோடு போட்டு வைத்தால் சீக்கிரம் கறுக்காது. ரப்பர் பேண்ட் மட்டும் சுற்றக் கூடாது, அதிலும் கந்தகம் உண்டு.

கேட்டுவிட்டு அவர் உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் இன்னொரு ஜோடிக் கொலுசு, என்னுடையதைவிடக் கறுப்பாக. அவர் காலில் நான் ஒருநாளும் கொலுசைப் பார்த்ததில்லை.

பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் படும்படி இரண்டு ஜோடியையும் வைத்து, ஆப்பசோடா தூவிக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினேன். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று வந்தது. கறுப்பு விலகி வெள்ளி தெரியத் தொடங்கியதும் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க மாமியாளும் இதேதான் சொன்னாக. மூத்தது வயித்துலயே கலைஞ்சப்ப, எஞ் சூடுதான் அதைத் தின்னுருச்சுன்னாக. அன்னைக்குக் கழட்டுனது" என்றார். தண்ணீருக்குள் வெளுத்துவந்த தன் கொலுசைப் பார்த்தபடியே, "அப்ப அது என்னால போகலதானே?" என்றார்.

இத்தனை நாள் அவர்மேல் வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "இல்லீங்க அத்தை. உங்களால இல்ல" என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப ஒன்னாலயும் இல்ல" என்று சொல்லிவிட்டு, மாட்டிவிடச் சொல்லிக் காலை நீட்டினார்.