மூணு கிலோகூட வராத சைக்கிள்

பச்சை எனாமல் பெயிண்ட் வாசனை...

இன்றைக்கும் யாராவது இரும்பு கேட்டுக்கு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தால் அங்கேயே ஒரு நிமிஷம் நின்றுவிடுவேன். தாராவியில் எங்கள் வீட்டு வாசலில் அண்ணன் அந்தச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்து பெயிண்ட் அடித்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அண்ணன் செம்பூரில் ஒரு கம்பெனியில் டிரைவர். மெஷின் பொருத்த வந்த ஜப்பான்காரர் ஒருவரை ஒரு வருஷம் காரில் கூட்டிக்கொண்டு அலைந்தான். ஊருக்குக் கிளம்பும்போது அவர் தன் பழைய சைக்கிளை இவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். வளைந்த ஹேண்டில். சீட் உடைந்து கிடந்தது. பளபளவென்று இருந்தால் திருடிவிடுவார்கள் என்று வந்த வாரமே பச்சை பெயிண்டை அடித்துவிட்டான். சீட்டுக்குக் கீழே குழாயில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கருக்கும் சேர்த்துத்தான் அடித்தான். பிறகு விரலால் தடவினால் அந்தச் சதுரம் மட்டும் லேசாகத் தட்டுப்படும்.

எங்கள் தெருவில் சைக்கிள் என்றால் கனமாக இருக்க வேண்டும். நாலு பால் கேன் கட்டினாலும் அசையக் கூடாது. அண்ணன் சைக்கிளையோ ஒரு கையால் தூக்கிவிடலாம். 'கொசு சைக்கிள்' என்று தெருவே பேர் வைத்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அப்போது நான் லேத் பட்டறையில் புதுசு. கையில் அளவெடுக்கிற வெர்னியர் இருந்தால் போதும், உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு. கடையில் வாங்கின சீட் கம்பி குழாய்க்குள் லொடலொடவென்று ஆடுகிறதே, கொஞ்சம் பாருல என்றான் அண்ணன். அளந்து பார்த்தேன். ஓட்டை இருபத்தேழு புள்ளி இரண்டு மில்லி. நம்ம ஊர்க் கம்பியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மில்லி பெரிசு.

குழாய் உள்ளே தேய்ந்துபோய்விட்டது, ஜப்பான்காரன் குப்பையை உன் தலையில் கட்டிவிட்டான், ஒருநாள் முறிந்து விழப்போகிறாய்... பட்டறையில் பேசுகிற மாதிரி அடுக்கிக்கொண்டே போனேன்.

அவன் முகம் சின்னதாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் டின்னை வெட்டி, தகரத்தைக் கம்பியில் சுற்றி இறுக்கினான். பிறகு சொன்னான்.

"ஏல, நீ ஒரு தடவ ஓட்டிப் பாரு. பொறவு பேசு."

நான் ஓட்டவில்லை. முறிந்து விழுகிற சைக்கிளில் யார் ஏறுவார்கள்...

அவன் தினமும் அதில்தான் சயான் வழியாகச் செம்பூர் போய் வந்தான். முறியவில்லை. மஞ்சள் காமாலை வந்து அவன்தான் போய்விட்டான். மகள் செல்விக்கு அப்போது மூன்று வயசு. மதினி குழந்தையைக் கூட்டிக்கொண்டு டோம்பிவிலியில் இருந்த அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சுவரில் ஆணியில் தொங்கிய சைக்கிளும் நானும்தான் வீட்டில். சாப்பிட உட்கார்ந்தால் அது கண்ணில் படும். படுத்தாலும் படும். தாங்க முடியவில்லை.

ஒருநாள் சக்கரத்தையெல்லாம் கழற்றிவிட்டு, வெறும் ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு பழைய இரும்பு வாங்குகிற பங்கார்க் கடைக்குப் போனேன். தராசு முள் மூணைத் தொடவில்லை. பங்கார்வாலா சிரித்தான். "இஸ்மே மால் கிதர் ஹை? சிர்ஃப் ஹவா ஹை." சரக்கே இல்லையாம், உள்ளே காற்றுதான் இருக்கிறதாம். போட்டுவிட்டு வந்தேன்.

வருஷங்கள் கழித்து, அப்பா சைக்கிள் எங்கே என்று செல்வி கேட்டபோது, திருட்டுப் போய்விட்டது என்றேன். சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடும் என்று நினைத்தேன்.

அவள் மறக்கவில்லை. சைக்கிளோடு அண்ணன் நிற்கிற போட்டோ ஒன்று அவளிடம் உண்டு. இப்போது அவளும் பழைய சைக்கிள் பைத்தியம். போன மாசம் விக்ரோலியில் இருக்கிற எனக்கு போன் செய்தாள். ஜப்பான் சைக்கிளில் மட்டமானதும் உசத்தியானதும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்குமாம். அடையாளம் சொல்வது சீட்டுக்குக் கீழே இருக்கிற ஸ்டிக்கர். அது இல்லையென்றால் சீட் கம்பி போகிற ஓட்டையின் அளவு.

இருபத்தேழு புள்ளி இரண்டு என்றேன். மறக்கிற அளவா அது?

அளவை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு மூச்சுவிடாமல் பேசினாள். "அது தேயல சித்தப்பா! நல்ல ஸ்டீல்னாதான் குழாயை அவ்ளோ மெலிசா செய்ய முடியும். குழாயோட சுவர் மெலிசு, அதான் ஓட்டை பெரிசு. அப்பாது டாப் குவாலிட்டி சைக்கிள். நல்ல ஃபிரேம் அழியாது. திருடினவன் யாருக்காவது வித்திருப்பான். பச்சை பெயிண்ட், உள்ள அம்மா சொன்ன அந்தத் தகரம்... நான் கண்டுபிடிச்சிருவேன்."

எத்தனை வருஷமாகத் தேடுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. பார்க்கிற பழைய சைக்கிளிலெல்லாம் சீட்டைக் கழற்றி உள்ளே தகரம் இருக்கிறதா என்று பார்ப்பாளாம்.

சொல்லிவிட்டேன். திருட்டுப் போகவில்லை, நான்தான் பங்காரில் போட்டேன் என்று.

 அப்புறம், "எவ்வளவு இருந்துச்சு?" என்றாள்.

பைசா ஞாபகமில்லை என்றேன்.

"பைசா இல்ல சித்தப்பா... வெயிட்."

"மூணு கிலோகூட வரல."

"அவ்ளோ லேசா..." என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. நானாகக் கூப்பிட எனக்கு முகமில்லை.

அப்போதெல்லாம் கனமாக இருந்தால்தான் சைக்கிள் என்று நினைத்தவன் நான். இப்போது ஸ்டேஷன் ஓரம் பழைய சைக்கிள் ஏதாவது நின்றால், யாரும் பார்க்காதபோது இரண்டு விரலால் தூக்கிப் பார்க்கிறேன். எதுவும் லேசாக இல்லை.

அண்ணன் சொன்னபோது ஒரு தடவையாவது ஓட்டியிருக்கலாம்.