திரும்பிப் பார்த்தவர்கள்

தேக்கா சந்தைக் கட்டடத்தின் மாடியில் இருக்கும் என் தையல் கடைக்கு வருகிற வெள்ளைக்காரர்கள், கிழிந்த துணியை நீட்டும்போது மன்னிப்புக் கேட்கிறார்கள். ஏதோ என் புடவையைக் கிழித்துவிட்டவர்கள் மாதிரி, ‘சாரி, வெரி சாரி’ என்று. நம் ஆட்கள் அப்படியா? ரவிக்கையை மேசைமேல் போட்டு, ‘போன தடவை கைய டைட்டா வச்சிட்டீங்கக்கா’ என்று சண்டையோடுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் தைக்கிறேன். சண்டைக்குப் பதில் சொல்ல வருகிறது, மன்னிப்புக்கு என்ன சொல்வதென்று இன்னும் பிடிபடவில்லை.

அப்படி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒரு வியாழக்கிழமை வந்தவள்தான் டெஸ். நாடு நாடாகப் போய் நடிக்கும் ஒரு நாடகக் குழுவில் உடைகளைக் கவனித்துக்கொள்பவள். கிரேக்கப் புராணக் கதை ஒன்றைப் பாட்டும் ஆட்டமுமாக மேடையில் நடத்துகிறார்களாம், கடலோரத்தில் உள்ள பெரிய அரங்கில் மூன்று வாரம் ஓடுகிறதாம். அவள் கொண்டுவந்தது ஒரு வெள்ளை கவுன். இடுப்பிலிருந்து கீழ்வரை தையல் விட்டிருந்தது. “இது கல்யாணத்துக்கா, சாவுக்கா?” என்று கேட்டேன். வெள்ளைத் துணி என்றால் நமக்கு அந்தச் சந்தேகம் வரும்தானே. அவள் கொஞ்சம் யோசித்து, “இரண்டுக்கும்தான்” என்றாள். என் ஆங்கிலம் அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்துத் தலையை ஆட்டி வைத்தேன். மறுநாள் வந்தவள் நான் போட்ட தையலை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து மகிழ்ந்துபோய், சனிக்கிழமை மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது டிக்கெட் யாருக்கு என்பதில்தான் சிக்கல். என் கணவர் சேகர் பேருந்து ஓட்டுநர். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு ஏறிய ஆட்களைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பார். மாமனார் இறந்தபோது மன்னார்குடிக்குப் போய்க் கொள்ளி வைத்துவிட்டு ஐந்தாம் நாள் திரும்பியவர், பாதி ஆளாகத்தான் வந்து சேர்ந்தார். அது நடந்து பதினோரு மாதம் ஆகிவிட்டது. வரும் மாதம் தலைத்திவசம். இவர் ஒரே பிள்ளை. என் மாமியார் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிட்டு, “எப்பப்பா வர்றே?” என்பார். இவர் “லீவு கெடைக்கலம்மா” என்பார். லீவு கேட்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒருநாள் பொறுக்க முடியாமல், “பெத்த தகப்பனுக்கு ஒரு பிண்டம் வைக்க மனசு வரல, நீங்கெல்லாம் என்ன பிள்ளை?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அன்றிலிருந்து சாப்பாடு, சாவி, குடை என்று ஒற்றைச் சொற்களிலேயே எங்கள் குடும்பம் ஓடியது. இரண்டரை மணி நேரம் பக்கத்தில் உட்காரவாவது செய்யலாமே என்றுதான் அவரை அந்த நாடகத்துக்கு இழுத்துப் போனேன்.

அரங்கத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். அடுக்கடுக்காக மேலே போகும் இருக்கைகள், ஆயிரத்துக்கு மேல் ஆட்கள், ஒரு தொண்டைச் செருமல்கூடக் கேட்கவில்லை. எங்களுக்கு முன்வரிசையில் நான்கு பெண்கள் தலையில் பூவளையம் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லாப் பாட்டும் அவர்களுக்குத் தெரியும், உதடு மட்டும் அசையப் பாடினார்கள். என் இடப்பக்கம் ஒரு சீன அம்மா, என் வயதுதான் இருக்கும், குளிருக்குக் கம்பளிச் சட்டையும் மடியில் ஒரு மிட்டாய்ப் பொட்டலமுமாகத் தயாராக வந்திருந்தார். ஒவ்வொரு பாட்டும் முடிந்து கைதட்டல் எழும்போது மட்டும் ஒரு மிட்டாயின் காகிதத்தைப் பிரித்தார். சத்தம் யாருக்கும் கேட்டுவிடக் கூடாதாம். அந்த நாகரிகத்தைப் பார்த்து அசந்துபோனேன்.

எனக்குப் பழக்கமான நாடகம் வேறு. கல்யாணத்துக்கு முன் எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒரு நாடகம் போட்டார்கள். ராஜா கடனுக்காகப் பெண்டாட்டியை விற்கப் போகும் காட்சி. கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள் எழுந்து மேடையிலேயே ஏறி, “வெக்கமா இல்லையாய்யா ஒனக்கு?” என்று ராஜா வேடக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வசனத்தை மறந்து நிற்க, ஊரே அந்த அம்மாளின் கட்சி. கதை முடிவு எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் தடுத்துப் பார்ப்பது நம் வழக்கம். இங்கே அப்படி யாராவது செய்தால் என்ன ஆகும் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

கதை இதுதான். ஒரு பாடகன். அவன் மனைவி கல்யாணத்தன்றே பாம்பு கடித்துச் செத்துப்போகிறாள். நான் தைத்த கவுனோடுதான் பாதாளத்துக்கு இறங்குகிறாள். இரண்டுக்கும்தான் என்று டெஸ் சொன்னது அப்போதுதான் உறைத்தது. பாடகன் பாதாளத்துக்கே தேடிப் போய்ப் பாடுகிறான். அந்தப் பாட்டின் வார்த்தைகளில் பாதி எனக்குப் புரியவில்லை, ஆனால் என் கண்ணில் நீர் நிற்கவில்லை. முன்வரிசைப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பாதாளத்தை ஆளும், எமனைப் போன்ற ராஜா கடைசியில் இரங்கி, கூட்டிப் போ என்கிறான். ஒரே ஒரு நிபந்தனை.

“என்ன சொல்றான்?” என்று இவர் என் காதருகே கேட்டார். இவருக்கு என்னைவிட நன்றாகவே ஆங்கிலம் தெரியும்.

“அவ பின்னால வருவாளாம். மேல போற வரைக்கும் இவன் திரும்பிப் பாக்கக் கூடாதாம்” என்றேன்.

இவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். மேடையில் பாடகன் முன்னே நடக்க, அவள் பத்தடி பின்னால் வந்தாள். இசை நின்று காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அத்தனை பேர் இருக்கும் இடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கோயிலிலும் கண்டதில்லை. வெளிச்சம் தெரியும் இடத்துக்கு வந்துவிட்டான். இன்னும் இரண்டே எட்டு. அவன் தோள் லேசாக அசைந்தது.

“திரும்பாதடா! டேய், திரும்பாத!”

என் கணவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அரங்கமே அதிரும்படியான குரல். அதே நொடியில் பாடகன் திரும்பினான். ஆயிரம் பேரும் சேர்ந்து ‘ஆ’ என்று மூச்சை இழுத்தார்கள். மேல் அடுக்கிலிருந்து, ஓரங்களிலிருந்து, எல்லாப் பக்கமும் இருந்து வந்தது அந்தச் சத்தம். வெள்ளை கவுன் மெல்லக் கீழே இறங்கி மறைந்தது. கதை தெரிந்துதான் பாதிப் பேர் வந்திருப்பார்கள். தெரிந்தவர்களும் ஏமாந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, வெட்கத்தில் பாதி, அந்த மூச்சின் சத்தத்தில் பாதி.

கையில் சின்ன டார்ச்சோடு ஓர் ஊழியப் பெண் குனிந்தபடி ஓடி வந்தார். திட்டப் போகிறார் என்று நான் ‘சாரி, வெரி சாரி’ என்றேன், என் வாடிக்கையாளர்களைப் போலவே. அவரோ இவருக்கு நெஞ்சுவலி என்று நினைத்திருக்கிறார். தண்ணீர் வேண்டுமா, டாக்டரைக் கூப்பிடவா என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவர் கவலை கூடிக்கொண்டே போனது. கடைசியில் தண்ணீர்ப் பாட்டிலை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

நாடகம் முடிந்தது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், அது மழை மாதிரி நிற்காமல் பெய்தது. இவர் மட்டும் உட்கார்ந்தபடி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

“நான் பாத்துட்டேன் வசந்தி.”

“எதைங்க?”

“சுடுகாட்டுல. முதுகக் காட்டி நின்னு கொள்ளி வச்சு, திரும்பிப் பாக்காமப் போன்னுதான் சொன்னாங்க. நாலு எட்டு வச்சேன். அப்பாவ இனிமே பாக்க முடியாதேன்னு இருந்துச்சு. திரும்பிட்டேன். யாரும் கவனிக்கல.” மூச்சு வாங்கிக்கொண்டார். “பதினஞ்சாம் நாள் அம்மா விழுந்து இடுப்ப ஒடச்சிக்கிட்டாங்க. காலையில மொத டிரிப்ல பஸ் காலியா இருக்கும். கண்ணாடியில பாத்தா கடைசி சீட்டுல அப்பா உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு. அவரப் போக விடாம நான்தான் இழுத்துட்டு வந்துட்டேன். எந்த முகத்த வச்சுக்கிட்டுத் திதி குடுக்கிறது?”

பதினோரு மாதம் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறார். அந்த மனிதரைத்தான் நான் என்ன பிள்ளை என்று கேட்டேன். எனக்கு என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றியது.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சீன அம்மா மட்டும் போகாமல் நின்றார். என்ன ஆயிற்று என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எங்கள் வழக்கத்தில் அப்பாவை எரித்தபின் திரும்பிப் பார்க்கக் கூடாது, இவர் பார்த்துவிட்டார், இப்போது இவர் ஓட்டுகிற பஸ்ஸில் அப்பா வருவதுபோலத் தோன்றுகிறதாம் என்று சொன்னேன். அவர் சட்டென்று மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னதை, இந்த ஊர்க்காரர்கள் பேச்சோடு ஒட்டிக்கொள்ளும் ‘லா’வை மட்டும் விடாமல், நம் பேச்சில் எழுதுகிறேன்.

“எங்களுக்கும் அப்படித்தான்லா. அம்மாவப் பொதச்சிட்டு வரும்போது திரும்பக் கூடாதுன்னாங்க. நான் பாத்தேன். சொந்த அம்மாலா, பாக்காம எப்படி?”

இவர் கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தார். “அப்புறம் என்ன ஆச்சு?” என்று ஆங்கிலத்தில் கேட்டார், குழந்தை கேட்பதுபோல.

“என்ன ஆகும்? கனவுல வந்து, ஏன் இவ்வளவு குண்டாயிட்டேன்னு திட்டுவாங்க.” அந்த அம்மா மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினார். “உங்க அப்பா பஸ்லதான வர்றாரு? வரட்டுமே. டிக்கெட்டா கேக்கப் போறீங்க?”

இவர் சிரித்துவிட்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த மூக்குச் சத்தத்தைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது! கிரேக்க தேசத்துக் கதை, அதைப் பாடியவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள், ஆறுதல் சொன்னவர் பெயர்கூடத் தெரியாத ஒரு சீன அம்மா. பார்க்காதே என்று சொன்ன எல்லா ஊரிலும் யாரோ ஒருவர் பார்த்துத்தான் இருக்கிறார். இதை வெளிநாட்டில் வந்துதான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை லீவு கேட்டார், கிடைத்தது. என்னாலும் போயிருக்க முடியும், ஆனால் அவர் தனியாகப் போக வேண்டும் என்றார். சாங்கி விமான நிலையத்தில் பெட்டியைப் போட்டுவிட்டு, “போயிட்டு வர்றேன்” என்று உள்ளே நடந்தார். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, கூப்பிடவில்லை. பாஸ்போர்ட்டை வைத்ததும் குடிநுழைவு வாசலின் முதல் தடுப்பு திறந்தது, அவர் நுழைந்ததும் பின்னால் மூடிக்கொண்டது. முன்னால் இன்னொரு தடுப்பு. அதற்கு எதிரே இருக்கும் கேமராவுக்கு முகத்தைக் காட்டினால்தான் அது திறக்கும். அவர் அந்த இடத்தில் நின்று, நிதானமாக, முழு உடம்போடும் திரும்பி என்னைப் பார்த்தார். “அங்கிள், முன்னால பாருங்க” என்று அதிகாரி சைகை காட்டினார். பின்னால் வரிசை நீண்டது. என் கணவர் இரண்டு தடுப்புகளுக்கும் நடுவில், பையும் பாஸ்போர்ட்டுமாக, என்னைப் பார்த்துச் சிரித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.