அந்தப் பதினான்கு பள்ளிகள்

'மழை வந்தது. ஆடு வீட்டுக்கு ஓடியது.' இந்த இரண்டு வரிகளை எத்தனை குழந்தைகள் வாசிக்கக் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பிராங்பேர்ட்டில் ஆற்றைப் பார்த்த ஓர் அலுவலகத்தின் நான்காம் மாடியில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, இலங்கை மலையகத்துத் தோட்டப் பள்ளிகளில் பதிவான குரல்களைச் சரிபார்ப்பது அப்போது என் வேலையில் ஒரு பகுதி. ஜன்னலுக்கு வெளியே பனி சத்தமில்லாமல் விழும். காதுக்குள் தகரக் கூரையில் மழை கொட்டும். ஒரு குழந்தை 'மழை' என்ற சொல்லை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் நிஜ மழை வந்து அதன் குரலை மூடிவிடும். மாலையில் எஸ்-பான் ரயிலில் வீடு திரும்பும்போது, என் கோட்டு நனைந்திருக்கிறதோ என்று சில நாள் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தச் சின்னக் குரல்களுக்கு நடுவே, அவசரமே அறியாத ஓர் ஆண்குரல் வரும். "ஓம், அடுத்தது." அது என்னோடு வேலை பார்த்த அண்ணையின் குரல்.

ஏழை நாடுகளில் நடக்கும் கல்வித் திட்டங்களில் போடும் பணத்துக்குப் பிள்ளைகள் எவ்வளவு கற்றுக்கொள்கிறார்கள் என்று மதிப்பிடுவதுதான் எங்கள் அலுவலகத்தின் தொழில். மதுரையில் என் சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு, ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதற்கு ஜெர்மன்காரன் ஆபீஸே திறந்துவிட்டானா என்று சிரித்தார். நான் அங்கே புள்ளிவிவரம் பார்ப்பவள். அண்ணை யாழ்ப்பாணத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் ஜெர்மனிக்கு வந்தவர். தமிழ் தெரிந்தவர் என்பதால் வாசிப்புச் சோதனை எடுக்க அவர் மலையகத்துக்குப் போவார். நான் எண்களோடு இங்கேயே இருப்பேன். முதல் நாள் ஊர்ப் பழக்கத்தில் அவரை 'சார்' என்றேன். "சார் எண்டா எனக்குப் பின்னால வேற ஆரோ நிக்கிற மாதிரி இருக்கு. அண்ணை எண்டே சொல்லுங்கோ" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான்.

திட்டம் இதுதான். தினமும் ஒரு மணி நேரம் வகுப்புகளைக் கலைத்துவிட வேண்டும். எழுத்து மட்டும் தெரிந்த பிள்ளைகள் ஒரு பக்கம், சொல் வாசிப்பவர்கள் ஒரு பக்கம், வரி வாசிப்பவர்கள் இன்னொரு பக்கம். வயது முக்கியமில்லை. இதற்குப் பள்ளிக்கு ஒரு சம்பள உதவியாளர், பெட்டி நிறையப் படப் புத்தகங்கள். சீட்டுக் குலுக்கி இருபது பள்ளிகளுக்கு இதைக் கொடுத்தோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னும் இருபது பள்ளிகளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. தொடக்கத்தில் ஒரு முறையும் ஓராண்டு கழித்து ஒரு முறையும் எல்லாப் பிள்ளைகளையும் வாசிக்கச் சொல்லிக் கேட்போம். ஒன்றும் கிடைக்காத இருபதில் பதினான்கு அண்ணையின் பொறுப்பு. சோதிப்பவருக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி: அந்தப் பள்ளிகளில் திட்டத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. பிள்ளை வாசித்தது சரியா தவறா என்றுகூடச் சொல்லக் கூடாது. இந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

அண்ணை தன் கதையை ஒரே ஒரு தடவை, ரயில் நிலையத்துக்கு நடக்கும் வழியில், சொல்லியிருக்கிறார். வந்த புதிதில் வயதைப் பார்த்து ஆறாம் வகுப்பில் உட்கார வைத்தார்களாம். ஒரு வருடம் முழுக்க ஒரு சொல்லும் விளங்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மறு வருடம் ஒரு ஆசிரியை தினமும் ஒரு மணி நேரம் அவரை முதலாம் வகுப்புக் குழந்தைகளோடு உட்கார வைத்தார். மேசை குட்டையாக இருந்ததால் முழங்கால் இடிக்குமாம். "வெக்கம்தான். ஆனா அங்கதான் நான் வாசிக்கப் பழகினனான்" என்றார். இலைகள் உதிர்ந்து கிடந்த நடைபாதையில் அவர் பேச்சு ஏதோ தூக்கத்தில் கேட்டது போல எனக்குள் தங்கியது. அதற்கு மேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

ஓராண்டு முடிந்து எண்கள் வந்தன. திட்டம் நடந்த பள்ளிகளில் பிள்ளைகள் நன்றாக முன்னேறியிருந்தார்கள். ஒன்றும் கொடுக்காத பள்ளிகளிலும் ஏறக்குறைய அதே முன்னேற்றம். வித்தியாசம் இல்லையென்றால், பணம் வீண் என்று அர்த்தம். அறிக்கை அப்படிப் போனால் இருபது பள்ளிகளிலும் அந்த ஒரு மணி நேரம் நின்றுவிடும். எங்கள் தலைவி ஒரு ஜெர்மன் பெண்மணி, குரல் உயர்த்தாதவர். எங்கேயாவது பிழை இருக்கிறதா என்று பார்க்க எனக்கு இரண்டு வாரம் கொடுத்தார். நான் முதல் சுற்றுப் பதிவுகளையெல்லாம் மறுபடி கேட்கத் தொடங்கினேன். மழை வந்தது, ஆடு ஓடியது, மழை வந்தது. நான்காம் நாள், ஒரு பள்ளியில் கடைசிப் பிள்ளை வாசித்து முடித்த பிறகும் பதிவு நிற்கவில்லை. அண்ணை நிறுத்த மறந்திருக்கிறார். "சார், இவன் எப்படி வாசிச்சான்?" என்று ஒரு ஆசிரியை கேட்கிறார். நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம். பிறகு அண்ணையின் குரல்: "ரீச்சர், நான் சொல்லக்கூடாது. ஆனா ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ." திட்டம் முழுவதையும் சொன்னார். புத்தகத்துக்குப் பதிலாக பிஸ்கட் அட்டைப்பெட்டியை வெட்டி எழுத்து எழுதிக்கொள்ளச் சொன்னார்.

எனக்கு வந்தது கோபம்தான், வேறொன்றுமில்லை. என் இரண்டு வருட உழைப்பு. மறுநாள் மதியம் அவரை ஆற்றுப் பாலத்துக்கு அழைத்துப்போய்க் கேட்டேன். மறைக்கவில்லை, பதினான்கு பள்ளியிலும் சொன்னதாக ஒப்புக்கொண்டார்.

"கேட்ட ரீச்சரிட்ட ஒண்டும் தெரியாது எண்டு சொல்லிப்போட்டு வர எனக்கு ஏலாமப் போச்சு தங்கச்சி."

"அண்ணை, அந்த ஸ்கூல்ல எல்லாம் நல்லா வந்துட்டதாலதான் இந்த இருபது ஸ்கூல்ல கிளாஸை மூடப் போறாங்க. உங்களுக்குப் புரியுதா?"

அவருக்குப் புரிந்திருக்கவில்லை. அந்த முகத்தில் அது ஏறியதைப் பார்த்தேன். கீழே ஒரு சரக்குப் படகு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அது பாலத்தைக் கடந்து முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நான்தானோ மூடுறது?" என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுவோம். பிடித்தவனின் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்தப் பழமொழி வாயில் வராது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அன்று மாலையே அண்ணை தலைவியைச் சந்திக்க டெர்மின், அதாவது நேரம், கேட்டு வாங்கினார். அரை மணி நேரம் உள்ளே இருந்தார். அந்தப் பதினான்கு பள்ளிகளையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்ததில் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. மீதி ஆறு பள்ளி போதுமா என்று தலைவிக்கே சந்தேகம். ஆனாலும் திட்டத்துக்கு இன்னொரு வருடம் கிடைத்தது. அண்ணைக்கு ஒப்பந்தம் நீளவில்லை. தன் மேசையை அவரே துடைத்து வைத்துவிட்டுப் போனார். இப்போது கொலோனில், புதிதாக வருபவர்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் ஓர் இடத்தில் இருக்கிறார். எப்போதாவது போனில் பேசும்போது அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பள்ளிக்கூடங்களில இன்னும் செய்யினமோ?" தெரியாது என்பேன். ஒதுக்கிய பள்ளிகளுக்கு யாரும் சோதிக்கப் போவதில்லை.

அவரிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. பள்ளிகளை ஒதுக்குவதற்கு முன்னால், அவற்றை மட்டும் தனியாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். உதவியாளர் சம்பளம் இல்லை, புத்தகம் இல்லை. அட்டைப்பெட்டியும் கத்தரிக்கோலும் மட்டும். ஆனால் முன்னேற்றம் கிட்டத்தட்ட அதேதான். எங்கள் அலுவலகம் அதுவரை மதிப்பிட்ட எல்லாத் திட்டங்களிலும் மிகக் குறைந்த செலவில் அதிகம் கற்றுக்கொடுத்தது அண்ணையின் வாய்ப்பேச்சுதான். தலைவியிடம் காட்டினேன். எந்தப் பள்ளியில் யார் என்ன செய்தார்கள் என்று நமக்குத் தெரியாது, தெரியாததைப் பட்டியலில் போட முடியாது என்றார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். அந்தப் பதினான்கு பள்ளிகளின் வரிகளையும் கோப்பிலிருந்து நானே நீக்கினேன்.

அறிக்கை கொடுத்த கூட்டத்தில், பணம் தரும் நிறுவனத்திலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதராகத் தெரிந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதையே இன்னும் குறைந்த செலவில் செய்ய வழி உண்டா, இருந்தால் அந்த மலையில் மிச்சமுள்ள பள்ளிகளுக்கெல்லாம் இந்த வருடமே கொடுத்துவிடலாம் என்றார். எண்கள் என் பொறுப்பு என்பதால் தலைவி என்னைப் பார்த்தார்.

அதற்கான தரவு எங்களிடம் இல்லை என்றேன். நான் சொன்னது பொய்யில்லை. அதை நீக்கி அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது.